ஈரம் பார்க்கும் குச்சி

மார்ச் 3, திங்கள்

புளி வந்தது, நாலு கிலோ. உட்கார்ந்து பாதிக்குக் கொட்டை எடுத்தேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு.

சாயங்காலம் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். குழாயில் வேகமே இல்லை, நூல் மாதிரி வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சென்னியப்பனும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த லேஅவுட்டில் பதினாலு வீடு. மற்றவர்கள் எல்லோரும் வாசலுக்குச் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்திவிட்டார்கள். புல்தரை இருப்பது அடுத்தடுத்த எங்கள் இரண்டு வீட்டில்தான். நடுவில் இடுப்பளவு மதில்.

சென்னியப்பன் பம்ப் கம்பெனியில் மோட்டார் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கு ரசம் வைத்த கதையைச் சொன்னார். பெருங்காயம் கல்லாக இறுகிக் கிடந்ததாம், அப்படியே தூக்கிப் போட்டுவிட்டாராம், வீடு முழுக்க மருந்துக்கடை வாசமாம். வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து ஊற்ற வேண்டும் என்றேன். "இதெல்லாம் எனக்கு யாருங்க சொன்னாங்க" என்றார்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தது, முடிக்கும்போது இருட்டிவிட்டது. இத்தனூண்டு புல்லுக்கு இவ்வளவு நேரம் அதிகம். தண்ணீர் மெதுவாக வருவதுதான் காரணம்.

மார்ச் 9, ஞாயிறு

பூங்காவில் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம். செயலாளர் ரகுபதி நேராக விஷயத்துக்கு வந்தார். சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான், அதுவும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. இனிமேல் குழாய் பிடித்துப் புல்லுக்கு விடுவது கூடாது. பேசும்போது எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினார். அப்படியென்றால் எங்களைத்தான் சொல்கிறார்.

பெயர்த்து எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, "என் வீட்டுக்காரர் வெச்ச புல்லுங்க, பொசுக்குன்னு எடுக்க முடியாதுங்க" என்றேன். எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். நான் அப்படிச் சொன்னால் அமைதியாகிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் வைத்ததுதான், பொய்யில்லை. கொரியப் புல் என்று எங்கிருந்தோ வரவழைத்தார். என்னை அதில் மிதிக்க விட்டதில்லை. அவர் போய் ஒன்பது வருடம். புல்லைப் பார்த்தால் அவர் நினைவு வருகிறதா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதிலை எழுதவேண்டிய அவசியமில்லை.

சென்னியப்பன் எழுந்து, புல்லுக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு நாம் ஊற்றுகிறோம், மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் விடும் கருவி வைத்தால் பாதி போதும், ஒரு கோடை விட்டுப் பாருங்கள் என்று கேட்டார். ரகுபதி சம்மதித்தார்.

மார்ச் 15, சனி

என் வீட்டு டம்ளர், போசி, கிண்ணம் எல்லாம் இன்று புல்தரையில் கிடந்தன. சென்னியப்பனின் ஏற்பாடு. சுழன்று தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டு, எந்த டம்ளரில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று ஸ்கேலை விட்டுப் பார்த்தார். மதிலோரத்து டம்ளரில் விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நடுவில் இருந்ததில் அடி நனையவில்லை. பாதித் தண்ணீர் சுவருக்கும் நடைபாதைக்கும்தான் போயிருக்கிறது.

"சுவத்துக்குத்தான் இத்தன நாளா தண்ணி ஊத்தியிருக்கறோமுங்க" என்றார். அவருக்குச் சந்தோஷம். எனக்கு மில்லில் நூல் சோதித்த நாட்கள் ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான், நூல்கட்டு ஒன்றில் எங்கே மெல்லிசு, எங்கே தடிப்பு என்று பார்ப்போம். அதைச் சொன்னேன். குனிந்திருந்தவர் நிமிர்ந்து, அந்தச் சோதனையை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். சொல்லி முடிக்கும்வரை கேட்டார். என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

டம்ளர்களைச் சேர்ந்து கழுவினோம்.

மார்ச் 25, செவ்வாய்

குழாய் பதிக்கும் வேலை. காலையில் சென்னியப்பன் வீட்டில், பத்து மணிக்கு மேல் என் வீட்டில். பள்ளம் தோண்ட ஆள் வைத்திருக்கிறார், ஆனாலும் பாதி அவரே தோண்டுகிறார். மதியம் அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், கால் முழுக்க மண் என்று வாசற்படியிலேயே சாப்பிட்டார். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 29, சனி

அரிசிம்பருப்பு. இன்று தேங்காய்ப்பால் சேர்த்து.

ஏப்ரல் 2, புதன்

வேலை முடிந்தது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி. புல்லுக்குள் இரண்டு இடத்தில் விரல் நீளக் குச்சி குத்தியிருக்கிறார். அந்தக் குச்சிதான் மண்ணில் ஈரம் பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். இரண்டில் எதில் ஈரம் குறைந்தாலும் பெட்டி வால்வைத் திறக்கும், போதும் என்றால் மூடும். மழை வரப்போகிறது என்று வானிலைச் செய்தி இருந்தால் திறக்கவே திறக்காது. வெயிலில் ஆவியாகப் போகாமல் இருக்க விடியற்காலையில்தான் விடும். ஏதாவது கோளாறு என்றால் அவர் போனுக்குத் தகவல் போகும். என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் காட்டிக்கொடுத்தார்.

"இனி நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாமுங்க. அதுவே பாத்துக்கும்" என்றார்.

நல்ல மனுஷர்.

ஏப்ரல் 3, வியாழன்

விடியலில் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெளிப்பான்கள் மண்ணிலிருந்து தலையை நீட்டி, கொஞ்ச நேரம் தெளித்துவிட்டு, உள்ளே போய்விட்டன. சுவரில் ஒரு சொட்டு இல்லை. மிகவும் சரியாக இருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பழக்கத்தில் வாசலுக்கு வந்துவிட்டேன். கையில் ஒன்றுமில்லை. அவர் வீட்டு வாசலிலும் யாருமில்லை. துளசிக்கு ஒரு செம்பு ஊற்றினேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஏப்ரல் 7, திங்கள்

ஆப்பில் பார்த்தேன். ஈரம் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

மீதிப் புளியையும் முடித்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தேன்.

ரகுபதி தெருவில் பார்த்து, போர் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறைந்திருக்கிறது என்று பாராட்டினார். மற்ற வீட்டுக்காரர்களும் சென்னியப்பனைக் கூப்பிடுகிறார்களாம், தொட்டிச் செடிகளுக்குச் சொட்டுக்குழாய் போட. எதிர்வீட்டு ஆயிஷாவின் பால்கனியில் சாயங்காலம் அவர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். ஆயிஷாவின் கைக்குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். நல்ல விஷயம்தான், எல்லோருக்கும் பிரயோஜனம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் செய்து ஒரு போசியில் ஊற்றிச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், சைகையால் நன்றி சொன்னார். மதியம் போசி கழுவி மதில்மேல் இருந்தது, உள்ளே இரண்டு மாம்பழம். எப்போது வந்து வைத்தார் என்று தெரியவில்லை. நான் அடுப்படியில் இருந்திருப்பேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

சாயங்காலம் பெட்டியில் சிவப்பு விளக்கு. குச்சியிலிருந்து வரும் கம்பி எப்படியோ கழன்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் திருப்புளியோடு வந்துவிட்டார். கம்பியை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காப்பி குடித்தார். கம்பி கழன்றால் பெட்டி தண்ணீரை நிறுத்திவிடும், அதனால் பயமில்லை என்று விளக்கினார். அவர் மாமனார் ஊரில் கிணற்றுக்குள் மோட்டார் இறக்கிய கதையைச் சொன்னார். முன்பே சொன்ன கதைதான். தெருவிளக்கு எரியும்வரை இருந்தார்.

ஏப்ரல் 19, சனி

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 26, சனி

கம்பி மறுபடி கழன்றுவிட்டது. பெருச்சாளி வேலையாக இருக்கும் என்றேன். அவர் மண்டியிட்டுக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெருச்சாளி கடிச்சா நஞ்சு போயிருக்குமுங்க. இது சுத்தமாக் கழண்டிருக்குது."

இருக்கலாம் என்றேன். இந்தத் தடவை டேப் போட்டு இறுக்கிச் சுற்றிவிட்டார். இனி எந்தப் பெருச்சாளியாலும் கழற்ற முடியாது என்றார்.

பணியாரம் சாப்பிட்டார். மகள் தேன்மொழிக்கு ஜூனில் பிரசவமாம், ஐதராபாத்தில். மாமியார் இல்லாத வீடு, அப்பா வந்து கூட இருந்தால் தெம்பாக இருக்கும் என்கிறாளாம். அப்படியே அங்கேயே இருந்துவிடுங்கள் என்றும் சொல்கிறாளாம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமாம். நல்ல யோசனைதான் என்றேன். "ஆமுங்க, நல்ல யோசனைதானுங்க" என்றார். பணியாரம் இன்னும் இரண்டு வைத்தேன். வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

மே 2, வெள்ளி

இந்தத் தடவை கம்பி கழலவில்லை, அதைத்தான் இறுக்கிவிட்டாரே. ஒரு குச்சியே மண்ணைவிட்டு வெளியே வந்து வெயிலில் கிடந்தது. தகவல் அவர் போனுக்குப் போயிருக்கும் என்று புளியோதரை கிளறி வைத்தேன்.

வரவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை வாசலில் நின்றேன். அவர் வீட்டில் விளக்கும் இல்லை. எங்கே போனார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லைதான்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வேறு எதையும் கவனிக்கவும் பிடிக்கவில்லை. படுத்துவிட்டேன்.

மே 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கேட்டைத் தட்டும் சத்தம். ஆயிஷா, குழந்தை தோளில் துவண்டு கிடந்தது.

"ஆன்ட்டி, உங்க தொட்டியில தண்ணி இருக்குமா? ராத்திரியெல்லாம் இவன் வாந்தி. துணி அலசக்கூட குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல."

அவள் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் புல்தரை குளம் மாதிரி நின்றது. வழிந்து, கேட்டுக்கு அடியில் போய், தெருவில் இறங்கி, அவள் செருப்பை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. தெளிப்பான்கள் தெளித்துக்கொண்டே இருந்தன. பிறகு காற்றுதான் வந்தது, புர் புர்ரென்று.

குச்சி வெளியில் காய்ந்து கிடந்ததால் மண்ணில் ஈரமே இல்லை என்று பெட்டி நினைத்திருக்கிறது. விடியலில் ஆரம்பித்து விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லா வீட்டுக்குமான பொதுத் தொட்டி காலி. போரும் வற்றிவிட்டது.

நான் ஓடிப்போய் முதலில் குச்சியை எடுத்து மண்ணில் குத்தினேன். அதற்குப் பிறகுதான் ஆயிஷாவுக்கு இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இந்த வரிசையில்தான் செய்தேன்.

சென்னியப்பன் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். பஸ்ஸில் போன் சத்தம் கேட்கவில்லையாம். பத்து மணிக்குப் பையோடு நேராக மோட்டார் அறைக்குப் போனார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். குச்சியருகே உட்கார்ந்து பார்த்தார். சுற்றிலும் புது மண். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மதியம் ஆயிஷா வெயிலில் தெருக்கோடிப் பம்பிலிருந்து கேன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஜன்னலை மூடினேன். பிறகு திறந்து, இறங்கிப்போய் ஒரு கேனை வாங்கிக்கொண்டேன். அவள் வீட்டு வாசல்வரை தூக்கிப்போனேன்.

மே 4, ஞாயிறு

கூட்டம். எல்லோரும் கோபமாக இருந்தார்கள். குழந்தைக்கு இன்று தேவலை என்று ஆயிஷா சொன்னது ஒன்றுதான் எனக்கு மூச்சு கொடுத்தது.

சென்னியப்பன் எழுந்தார். எவ்வளவு காய்ந்தாலும் இவ்வளவுக்கு மேல் விடக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்க வேண்டும், தான் வைக்கவில்லை, தப்பு தன்னுடையது என்றார். முப்பது வருடம் மோட்டார் வேலை பார்த்த மனிதர், அத்தனை பேருக்கு முன்னால் கை கட்டி நின்று சொன்னார். ஒருவர், பெரிய இன்ஜினியர் என்றுதானே நம்பினோம் என்றார். அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

நான் எழுந்துவிட்டேன்.

"அவரு மேல தப்பில்லீங்க. அந்தக் குச்சிய நாந்தான் புடுங்கிப் போட்டேன்."

எதற்கு என்று ரகுபதி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்னியப்பன் மட்டும் தரையைப் பார்த்தார்.

"புல்லு காயற மாதிரி தெரிஞ்சுதுங்க. மெசினு செரியாத் தண்ணி உடறதில்லையோன்னு நெனச்சுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பெரியவர்களிடம் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ரகுபதி கொஞ்சம் இளகிப்போனார். என் வீட்டுத் தெளிப்பான் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சரி என்றேன்.

பாதியைச் சொல்லிவிட்டேன். மீதிப் பாதிக்கு அங்கே வாய் வரவில்லை. இங்கே கையும் வரவில்லை.

மே 5, திங்கள்

வால்வை மூட சென்னியப்பன் வந்தார். பெட்டியைக் கழற்றினார், குச்சிகளைப் பிடுங்கித் துடைத்துப் பையில் போட்டார். காப்பி வேண்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போகும்போது கேட்டருகே நின்றார். கொண்டியைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இனிமே கம்பியெல்லாம் கழட்ட வேண்டாமுங்க. என்ற வீட்டுக் கேட்டத் தட்டுனீங்கன்னாப் போதும்."

போய்விட்டார். நான் அப்படியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் உள்ளே போனேன்.

மே 8, வியாழன்

தட்டவில்லை.

மே 14, புதன்

கத்திரி வெயில். புல் மஞ்சளாகிவிட்டது. நடந்தால் மொறுமொறுவென்கிறது. இப்போது மிதிக்கிறேன், தடுக்க ஆள் இல்லை.

சென்னியப்பன் தன் வீட்டுப் புல்லுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார். அவரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வீடு பச்சை, ஒரு வீடு மஞ்சள் என்றிருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று ரகுபதியிடம் சொன்னாராம். இரண்டு வீட்டுப் பெட்டியையும் குச்சிகளையும் பூங்காவில் போன வருடம் நட்ட வேப்பங்கன்றுகளுக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறார், இந்தத் தடவை வரம்பு வைத்து. வேருக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகப் போகும். முன்பு புல்லுக்குப் போனதில் கால்வாசிகூட ஆகாது என்று ரகுபதி எனக்கு விளக்கினார். தெரியும் என்று நான் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

வாழைப்பூ ஆய்ந்தேன். இரண்டு முறை அவர் கேட் வரைக்கும் போனேன். முதல் முறை ஆயிஷா பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை யாருமே இல்லை. அப்போதும் திரும்பிவிட்டேன்.

என்ன சொல்லித் தட்டுவது? பெட்டியும் இல்லை, கம்பியும் இல்லை, புல்லும் இல்லை. பால் காய்ச்சிய பாத்திரத்தை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கரி போகவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண் பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு போசி, ஒரு புகார்.

மே 23, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஐதராபாத் போகிறார் என்று ஆயிஷா சொன்னாள். பிரசவம் இன்னும் முன்னாலேயே இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். பெரிய பெட்டியாக இரண்டு வாங்கியிருக்கிறாராம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் உடனே போகவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்கு நீங்க கேன் தூக்கிட்டு வந்தீங்கல்ல ஆன்ட்டி, எனக்குக் கோபம் அப்பவே போயிடுச்சு" என்றாள். பிறகு, "அங்கிள்கிட்டப் பேசுங்க" என்றாள்.

மே 24, சனி

காலை பத்து மணி. நல்ல வெயில். வழிக்கு என்று எலுமிச்சை சாதம் கிளறி, டப்பாவில் அடைத்து, பையில் வைத்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது அந்தப் பையைப் பார்த்தேன். எடுத்துப்போய் அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கினேன்.

ரகுபதி தெருவில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிஷா பால்கனியில் இருந்தாள். காய்கறி வண்டிக்காரரும் இருந்தார். நான் கேட்டைத் தட்டினேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சென்னியப்பன் வெளியே வந்தார், தோளில் துண்டு. ரகுபதிதான் முந்திக்கொண்டு அங்கிருந்தே கேட்டார், மறுபடியும் ஏதாவது கோளாறா மேடம் என்று.

"கோளாறு ஒண்ணுமில்லீங்க. சும்மா வந்தேன்."

ரகுபதிக்கு நான் பதில் சொன்னேன், ஆனால் சென்னியப்பனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் கொண்டியை எடுத்து, கேட்டை முழுதாகத் திறந்து, திறந்தபடியே விட்டார்.

உள்ளே பெட்டிகள் பாதி அடுக்கிக் கிடந்தன. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை தாராளம். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நான்தான் ஆரம்பித்தேன்.

"புல்லு காயுதுன்னு புடுங்கலைங்க."

"தெரியுமுங்க."

"நீங்க வருவீங்கன்னுதான்."

அவர் துண்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். விடியலில் தண்ணீர் விடும்படி வைத்தபோது சாயங்காலம் போய்விடும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். முதல் நாள் சாயங்காலம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார். வெளியே வர ஒரு காரணம் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் யார் கூப்பிட்டாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாராம்.

இதை அவர் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. பசிப்பது போல இருந்தது.

"பொண்ணு அங்கியே இருந்துருங்கப்பாங்குது. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க" என்றார்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். வேறு யாரையாவது பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகளுக்கு அப்பா வேண்டும், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாத்தா வேண்டும். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றெல்லாம் யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

"வந்துருங்க."

"செரிங்க" என்றார்.

எப்போது என்று நான் கேட்கவில்லை. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்று அவராகவே சொன்னார். அதற்குள் மகள் மனம் மாறலாம், அவர் மனம் மாறலாம், உடம்புக்கு ஏதாவது வரலாம். எல்லாம் எனக்குத் தெரியும்.

மே 25, ஞாயிறு

காலையில் வாடகைக் கார் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். ஆயிஷா குழந்தையைக் கையசைக்க வைத்தாள். ரகுபதி வந்து கை குலுக்கினார், பூங்காவின் பெட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சென்னியப்பன் என்னிடம் வந்து, "போயிட்டு வர்றனுங்க" என்றார். எல்லோரிடமும் சொன்ன அதே வார்த்தைதான். எனக்கு மட்டும் "வர்றனுங்க" கொஞ்சம் அழுத்தமாகக் கேட்டது. அப்படிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன்.

கார் திரும்பியது. மற்றவர்கள் கலைந்து போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே நின்றேன். மருதமலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது, மழை இல்லை. பால்காரர் போனார். பேப்பர் பணம் வாங்க வந்தவர் போனார். நடைப்பயிற்சிக்குப் போன இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போகவில்லை.

யாருக்காக இங்கே நிற்கிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.